1881 சென்சஸில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்களோடு வேலை பார்க்கும் இங்கிலாந்துக்காரர் ஒருவர், 1881-ஆம் வருட சென்சஸில் தன் கொள்ளுப்பாட்டனின் பெயர், வயது, தெரு, தொழில் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். உங்கள் அப்பா வழி மன்னார்குடிப் பக்கம். கொள்ளுத்தாத்தா விவசாயம் பார்த்தவர். அவருடைய அண்ணன் 'நேட்டாலுக்குக் (இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது) கப்பலேறியவர் திரும்பி வரவேயில்லை' என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. 1881-லும் 1911-லும் நம் ஊரிலும் சென்சஸ் எடுத்தார்களே, அதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாயால் கேட்டது சென்சஸ் என்றாலும், மனதில் இருப்பது கொள்ளுத்தாத்தாவின் அப்பா யார், அந்த அண்ணன் என்ன ஆனார் என்பதுதான். சென்சஸைப் பற்றி நான் சொல்லப்போவது ஏமாற்றமாக இருக்கும். மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது. பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய பத்திரங்களைப் படித்தே காலம் போனது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

இந்தியாவின் பழைய சென்சஸில் ஓர் ஆளைப் பெயர் சொல்லித் தேட முடியாது. இதை உறுதியாகவே சொல்லலாம். மதராஸ் மாகாணத்தில் 1871-லும், நாடு முழுக்க ஒரே நாள் கணக்காக 1881 பிப்ரவரி 17-லும் கணக்கெடுத்தார்கள். வீட்டுக்கு எண் போட்டு, உள்ளே இருந்தவர்களின் பெயர், வயது, சாதி, தாய்மொழி, பிறந்த இடம், தொழில் எல்லாம் கேட்டு எழுதினார்கள். ஆக உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஒரு காகிதத்தில் ஏறத்தான் செய்தது. ஆனால் அந்தக் காகிதம் கூட்டிப் போடுவதற்காக மட்டுமே எழுதப்பட்டது. தாலுகா வாரியாக, ஜில்லா வாரியாக அட்டவணைகள் அச்சானதும் படிவங்களைக் கழித்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது கூட்டுத்தொகைதான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ஆம் வருட சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனி ஆளைப் பற்றிய பதிவை யாரும் பார்வையிட முடியாது என்கிறது. இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள், அமெரிக்காவில் 72 வருடம். நம் சட்டத்தில் அப்படி ஒரு கெடுவே கிடையாது. 1951 சென்சஸ் சமயத்தில் பெயர்களைத் தனியாக ஒரு குடிமக்கள் பதிவேட்டில் எடுத்து எழுதினார்கள்; அது இன்றைக்கு ஜனங்களுக்குப் பயன்பட்ட இடம் அசாம். ஆகவே 1911 சென்சஸ் நகல் வாங்கித் தருகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். வம்சாவளித் தளங்கள் சிலவற்றில் 'இந்தியா' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பெரும்பாலும் இருப்பது இங்கே வாழ்ந்த ஐரோப்பியர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகள்.

உங்கள் நண்பரைப் பார்த்து ரொம்பவும் பொறாமைப்பட வேண்டாம். இங்கிலாந்தில் பெயரோடு பார்க்க முடிவது 1841-லிருந்துதான். அந்த வருடம் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், அதனால் 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். 1931 படிவங்கள் 1942-ல் தீயில் போயின. 1941-ல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. அயர்லாந்தில் 1901, 1911 இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி 1922-ல் டப்ளினில் எரிந்ததிலும், அரசாங்கமே அழித்ததிலும் போய்விட்டது.

நம் சென்சஸ் அறிக்கைகளுக்கு வேறு ஒரு பயன் இருக்கிறது. குடும்பத்தில் சொல்லும் கதை நடந்திருக்கக்கூடியதா என்று உரசிப் பார்க்கலாம். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871-ல் ஏறக்குறைய 20 லட்சம்; 1881-ல் 16 லட்சம். அதே பத்து வருடத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஜனத்தொகை கூடியிருக்கிறது. 'பஞ்சத்தில் மேற்கேயிருந்து வந்து காவிரிக்கரையில் குடியேறினோம்' என்று ஒரு குடும்பம் சொன்னால் அது பொருந்தி வருகிற கதைதான். பொருந்துகிறது என்பதற்காக நிரூபணம் ஆகிவிடாது, அது வேறு. பழைய அறிக்கைகள் சென்சஸ் துறையின் இணைய நூலகத்திலேயே கிடைக்கின்றன. 1951-க்குப் பிந்தைய மாவட்டக் கையேடுகளில் கிராமம் கிராமமாக எண்ணிக்கை இருக்கும்.

சரி, பெயருக்கு எங்கே போவது? அரசாங்கம் ஓர் ஆளின் பெயரைக் காரணமில்லாமல் எழுதி வைத்துக் காப்பாற்றாது. தீர்வை வசூலிக்க, சொத்து கை மாறியதைப் பதிய, மானியம் யாருக்குப் போகிறது என்று பார்க்க, கூலிக்கு ஒப்பந்தம் போட்டு அனுப்ப என்று ஏதாவது ஒரு காரியம் இருந்திருக்கும். உங்கள் ஆளோடு அரசாங்கத்துக்கு என்ன காரியம் இருந்தது என்று யோசியுங்கள், எந்தக் கட்டைப் பிரிக்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குக் காரியம் நிலம். அண்ணனுக்குக் கப்பல்.

நிலத்தில் தொடங்குங்கள், அதுவும் பின்னோக்கி. வீட்டில் இருக்கும் பத்திரத்தை எடுத்தால் 'இந்தச் சொத்து எனக்கு இன்ன வருஷம் இன்ன நம்பர் பத்திரப்படி கிடைத்தது' என்று ஒரு வரி இருக்கும். அந்த நம்பர்தான் அடுத்த படி. பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு மனு போட்டு மேனுவல் இசி, அதாவது ஆள் தேடி எழுதித் தரும் வில்லங்கச் சான்று, வாங்க வேண்டும். கையால் எழுதிய அட்டவணைகளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சொத்து வாரியாக ஓர் அட்டவணை இருப்பது பலருக்குத் தெரியும். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர் வாரியாகவும் ஓர் அட்டவணை உண்டு என்பது தெரியாது. முன்னோரைத் தேடுகிறவருக்கு அதுதான் பொக்கிஷம். மனுவில் 'பெயர் அட்டவணை' என்று குறிப்பிட்டே கேளுங்கள். உயில் பதிவுகளை எல்லோருக்கும் காட்ட மாட்டார்கள், மற்ற சொத்துப் பத்திரங்களுக்கு நகல் மனு போடலாம். இங்கே பதிவு முறை 1860-களின் நடுவில் தொடங்கியது. அதற்காக எல்லாப் பத்திரமும் அந்த வருடங்கள் வரை போகும் என்று நினைக்க வேண்டாம். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்றைய நூறு ரூபாய் பெரிய தொகை, அதனால் சின்ன விவசாயிகளின் கைமாற்றங்கள் நிறைய பதிவுக்கே வரவில்லை.

பழைய பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் அவசரப்படாமல் படியுங்கள். '1908ம் வருஷம் ஆகஸ்டு மாதம் இன்ன தேதி, தஞ்சாவூர் ஜில்லா மன்னார்குடி தாலூகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர், விவசாய ஜீவனம், இன்னாருக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம்' என்கிற ரீதியில் தொடங்கும். முதல் மூன்று வரியிலேயே ஊர், தொழில், இரண்டு தலைமுறை. சாதியும் பெரும்பாலும் இருக்கும். எல்லோரும் அந்த மூன்று வரியோடு நின்றுவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தை, அதிலும் நான்கெல்லையை. 'இதற்கு வடக்கு இன்னார் நிலம், கிழக்கு வாய்க்கால், தெற்கு இன்னார் பாகத்து நிலம்' என்று வரும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது ஒரே நிலத்தைக் கூறு போடுவார்கள், அதனால் எல்லையில் நிற்கும் பெயர் பல நேரம் பங்காளியின் பெயராக இருக்கும். 'பாகத்து நிலம்' என்றே எழுதியிருந்தால் அநேகமாக அது பங்காளிதான். வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது ஒரு துப்பு. அந்தப் பெயருக்கு அட்டவணையில் தேடி, அவருடைய அப்பா பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள். மாமன் மச்சான்கள் அங்கேதான் இருப்பார்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அது கிட்டத்தட்ட வம்சாவளியே. கோர்ட் வழக்கு நடந்திருந்தால் இன்னும் விசேஷம். சொத்துக்குச் சண்டை போட்ட குடும்பங்களுக்குத்தான் நம் ஊரில் நல்ல வம்சாவளி இருக்கிறது. ஒற்றுமையாக இருந்தவர்களுக்குக் காகிதம் குறைவு. கீழ்க்கோர்ட்டுக் கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். ஆனால் வழக்கு ஹைகோர்ட் வரை போய்த் தீர்ப்புத் தொகுப்பில் அச்சாகியிருந்தால், தலைமுறைப் பட்டியலோடு இணையத்திலேயே கிடைக்கலாம்.

தேதியில் ஒரு கண் வேண்டும். தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால் அறுபது வருடச் சுழற்சியில் சிக்கிக்கொள்வீர்கள். சர்வதாரி என்றால் 1828-ஆகவும் இருக்கலாம், 1888-ஆகவும் இருக்கலாம், 1948-ஆகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட நேரத்தில் முத்திரைத் தாளைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1901 ஒட்டி அல்லது அதற்கு முன்; எட்வர்டு என்றால் அடுத்த பத்து வருடம்; ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910 முதல் 1936 வரை. பழைய தாள் ஒன்றிரண்டு வருடம் கழித்தும் விற்றிருக்கும், அந்த அளவுக்கு இழுவை விடுங்கள். ரெவின்யூ கணக்கில் பசலி என்ற வருடக் கணக்கு வரும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம், அதுவும் ஜூலையில் தொடங்குவது. பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை.

பத்திரத்தோடு ரெவின்யூ கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது உங்கள் பட்டாவில் இருக்கும் எண் பெரும்பாலும் 1979-க்குப் பிறகு நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யுடிஆர் வேலைக்குப் பிந்தையது. பழைய எண் எது, புதிய எண் எது என்று ஒப்பீட்டுப் பதிவேடு இருக்கும்; அதை வைத்து, சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய பழைய ஏ பதிவேட்டுக்கும், அதிலிருந்து தீர்வையை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டுக்கும் போகலாம். உங்கள் கிராமம் இனாமாக, அதாவது தீர்வை இல்லாமலோ குறைத்தோ விட்ட மானிய நிலமாக, இருந்திருந்தால் இன்னொரு வாசல் திறக்கிறது. 1858-ல் இனாம் கமிஷன் வைத்து, 1860-களில் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிவேடு எழுதினார்கள். யார் அனுபவிக்கிறார், வயது என்ன, முதலில் மானியம் பெற்றவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அதில் வரும். இனாம் என்றவுடன் கோயிலும் அக்ரஹாரமும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், காவல்காரர் என்று ஊர் ஊழியம் பார்த்தவர்களுக்கும் மானியம் இருந்தது, அவர்கள் பெயரும் ஏறியிருக்கிறது. அந்தப் பதிவேடுகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். கிராமம், தாலுகா, பழைய ஜில்லா மூன்றையும் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஊரில் 'கர்ணம் வீட்டில் எல்லாக் கணக்கும் இருந்தது' என்பார்கள். 1980-ல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தபோது கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும் என்பது விதி. சில பழைய நோட்டுகள் பரணிலேயே தங்கிவிட்டதும் உண்டு. போய்ப் பணிவாகக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. உங்கள் தேடல் சொத்துக்காக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்த வழியில் கிடைப்பது குறைவு. அதை மழுப்பிச் சொல்வதில் அர்த்தமில்லை. குத்தகைக்குப் பயிர் செய்திருந்தால் 1969-ஆம் வருடச் சட்டப்படி எழுதிய குத்தகைப் பதிவேட்டில் பெயர் இருக்கலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு எதையும்விட மேல். காரைக்காலில் ஒரு கிளை இருந்தால் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவு இருக்கும். அதன் ஒரு பகுதியை பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. மற்றபடி பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடும் பழைய வாக்காளர் பட்டியலும் இரண்டு தலைமுறைக்கு உதவும். பெண்களின் பெயர் வரிசையாகக் கிடைப்பது அநேகமாக வாக்காளர் பட்டியலில்தான்.

இனி அந்த அண்ணன். நேட்டால் என்பது உண்மையானால் உங்கள் தேடலில் எளிதான பகுதி அதுதான். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து முதல் கப்பல் 'ட்ரூரோ' டர்பனில் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதினார்கள். வலது புருவத்தில் தழும்பு, இடது முழங்காலில் மச்சம் என்று இருக்கும். ஊரில் பத்து வேலி வைத்திருந்த மிராசுதாரின் முகம் எப்படி இருந்தது என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது, ஆனால் கூலியாகக் கப்பலேறியவரின் தழும்பு தெரியும். ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது அது. இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் வழியாகப் பார்க்கலாம். அங்கே அவர் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றிருந்தால் அந்த எண்ணே பிற்காலத்துப் பதிவுகளிலும் தொடர்ந்து வரும்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். காதில் விழுந்ததை குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியது. முனுசாமி மூன்சாமி ஆவார், கவுண்டர் கோவெண்டர் ஆவார். மன்னார்குடியையும் உங்கள் கிராமத்தையும் எத்தனை விதமாகக் கெடுக்க முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள். பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரையும் தஞ்சாவூர் ஜில்லாவையும் வைத்துத் தேடுவது பல நேரம் சீக்கிரம் பலன் தரும். இன்னொன்று: வீட்டுப் பேச்சில் நேட்டால் என்பது உண்மையில் மொரீஷியஸாகவோ பினாங்காகவோ இருந்திருக்கலாம். மொரீஷியஸ் என்றால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர் பதிவேடுகள் இருக்கின்றன, சிலருக்குப் புகைப்படமும் உண்டு. பிஜிக்கு மதராஸிலிருந்து ஆள் போனது 1903-க்குப் பிறகுதான், ஆக கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் அதற்கு முன்பே போனவர் என்றால் பிஜியைத் தள்ளிவிடலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறினார் என்று சொன்னால் மலாயாப் பக்கம்தான் அதிகம் சாத்தியம். மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் பெரும்பாலோர், ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி வழியாகப் போனார்கள். நேட்டாலைப் போல ஆளுக்கொரு வரி அங்கே எதிர்பார்க்க முடியாது.

ஆள் கிடைத்துவிட்டார் என்று துள்ளுவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் துப்பாகவும் இருக்கும், கண்ணியாகவும் இருக்கும். ராமசாமி மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் ராமசாமி என்று நூறு வருடத்துக்கு ஓடும். நடுவில் ஒரு தலைமுறையே விழுங்கப்பட்டாலும் தெரியாது. ஒரே கிராமத்தில் அதே பெயரும் அதே அப்பா பெயரும் உள்ள பெரியப்பா சித்தப்பா பேரன்கள் இரண்டு பேர் இருந்ததை நான் பத்திரங்களில் பார்த்திருக்கிறேன். பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றும் ஒத்தால் சாத்தியம் என்று மட்டும் குறித்து வையுங்கள். நிலமோ, சகோதரர் பெயரோ, மனைவி பெயரோ நான்காவதாக ஒத்தால்தான் அவர் உங்கள் ஆள். வயதை நம்பவே வேண்டாம். 'சுமார் 40' என்பது 33-லிருந்து 48 வரை எதுவாகவும் இருக்கும். சாதிப் பெயர் மாறியிருந்தால் வேறு குடும்பம் என்று தள்ளிவிடாதீர்கள். நாடார் என்ற பெயரை அரசாங்கக் கணக்கு ஏற்றுக்கொண்டது 1921 சென்சஸில்தான். அதற்கு முந்தைய பத்திரத்தில் அதே குடும்பம் வேறு பெயரில் இருக்கும். இப்படி மாறிய சமூகங்கள் இன்னும் உண்டு.

நான் செய்வதாக இருந்தால் முதலில் அலுவலகத்துக்குப் போக மாட்டேன். குடும்பத்தில் மூத்தவரிடம் குலதெய்வம் எந்த ஊர் என்று கேட்பேன். குடியிருக்கும் ஊரில் குலதெய்வம் இல்லாமல் முப்பது நாற்பது மைல் தள்ளி இருந்தால், அந்த ஊரிலிருந்து கிளம்பி வந்தவர்களாக இருக்கலாம். அங்கே வரி கொடுக்கும் பங்காளிகளின் பட்டியலும் பூசாரியிடம் இருக்கலாம். பத்திரத் தேடலை எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் தொடங்குவது என்பதுகூட அதைப் பொறுத்துத்தான். உங்கள் கிராமத்தின் பெயரும் கையில் இருக்கும் மிகப் பழைய பத்திரத்தின் வருடமும் தெரிந்தால், எந்த அலுவலகத்தில் என்ன மனு போட வேண்டும் என்று சொல்கிறேன். பத்திரத்தின் படத்தைப் பொதுவில் மட்டும் போடாதீர்கள், சர்வே எண்ணும் கையெழுத்தும் அதில் இருக்கும். தமிழ் எண்களோ மா, குழிக் கணக்கோ புரியாவிட்டால் அந்த வரியை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.